ஓரகத்தி மதியம் படுத்தால் எனக்கு ஏன் நெஞ்சு எரிகிறது?

கரிசல்மழை கேட்டது:

வணக்கம். ஒன்றரை வருடமாக இங்கே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வீட்டில் வாய்விட்டுச் சொன்னால் குடும்பச் சண்டையாகிவிடும். அதனால் இங்கே கேட்கிறேன்.

எனக்கு 39 வயது. விருதுநகர். மாமியார், நாங்கள், எங்கள் பிள்ளைகள் இரண்டு, கொழுந்தனார், அவர் மனைவி என்று ஏழு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மண்டி நடக்கிற தூரம்தான். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்து, இரண்டே காலுக்குத் திரும்பிப் போவேன்.

அந்த நேரத்தில்தான் தொல்லை. நான் வரும்போது ஓரகத்தி கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பாள். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, ஒரு காலை மடக்கி, வாய் லேசாகத் திறந்திருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வரும். பசி போய்விடும். சோற்றுப் பாத்திர மூடியை நங்கென்று வைப்பேன். தண்ணீர்க் குடத்தைச் சத்தம் வர நகர்த்துவேன். அவள் திடுக்கிட்டு விழித்தால் எனக்கு ஒரு நிமிடம் நிம்மதி.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அவள் சோம்பேறி இல்லை. காலைச் சமையல் என்னுடையது, இரவுச் சமையலும் பாத்திரமும் அவளுடையது. நடுவில் ஜாக்கெட் தைக்கிறாள். மாமியாருக்குச் சர்க்கரை ஊசி போடுவதும் அவள்தான். என்னை 'அக்கா' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்காரரிடம் ஒருநாள் சொன்னேன். "அவ தூங்குனா உனக்கு என்ன நட்டம்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. உண்மையிலேயே எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

இத்தனை நாள் இதை ஒரு குணக்கோளாறு என்று விட்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அப்படி விட முடியவில்லை. மதியம் என் மகள் (ஆறாம் வகுப்பு) சித்தி பக்கத்தில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். "மூதேவி, எந்திரிடி. பொட்டப்புள்ள பகல்ல படுத்தா வீடு விளங்குமா?" என்று கத்தினேன். அது என் பேச்சே இல்லை. 2009-இல் செத்துப்போன என் அப்பத்தாவின் வார்த்தைகள், அதே இழுவையோடு.

மகள் அழவில்லை. எழுந்து போய், கொடியிலிருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். கையில் என் விரல் தடம் சிவப்பாக இருந்தது. அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அந்த மடிக்கிற கை என் கை.

1996-இல் எனக்குப் பத்து வயது. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மதுரையில் செய்து கூட்டி வந்தார்கள், பல மாதம் கட்டிலைவிட்டு எழவில்லை. தம்பிக்கு நாலு வயது. அப்பாவுக்கு லாரி வேலை. அப்பத்தா வந்து இருந்தாள், ஆனால் அவளுக்கு முட்டி வலி. அடிபம்பில் தண்ணீர் அடிப்பது, தம்பியைக் குளிப்பாட்டுவது, உலை வைப்பது எல்லாம் நான். ஒருநாள் மதியம் அம்மா கட்டிலுக்குக் கீழே படுத்துவிட்டேன், அப்பத்தா ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். ஆனால் நான் அதையெல்லாம் ஒரு துக்கமாக நினைத்ததே இல்லை. ஊரில் எல்லாரும் 'பத்து வயசுல குடும்பத்தத் தூக்கி நிறுத்துனவ' என்பார்கள். இப்போது கேட்டாலும் எனக்கு இனிக்கிற வார்த்தை அது.

யூடியூபில் 'உள்ளிருக்கும் குழந்தை', 'நிழல்' என்று என்னென்னவோ சொல்கிறார்கள். ஒருவர் கண்ணாடி முன்னால் நின்று 'நான் அமைதியானவள்' என்று சொல்லச் சொன்னார். ஒரு வாரம் சொன்னேன், மூடியை நங்கென்று வைப்பது நிற்கவில்லை. எனக்குத் தெரியாமல் எனக்குள் இப்படி ஒன்று இருக்குமா? இருந்தால் அதை எப்படிப் பார்ப்பது? என் மகள் கையை இன்னொரு தடவை அப்படிப் பிடித்துவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.


இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

தங்கச்சி, நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். மனசுக்குள் போவதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? காலைச் சமையல் உங்களுடையது என்றால் ஐந்துக்கு முன்னால் எழுவீர்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த தூக்கத்தில் யாராக இருந்தாலும் தூங்குகிறவரைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

ஒரு ஹீமோகுளோபின், ஒரு தைராய்டு பரிசோதனை எடுத்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல். இரத்தம் குறைந்தால் அசதி மட்டும் வருவதில்லை, சட்டென்று கோபமும் வரும். அதைக் குணம் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன்.

இதற்கும் நீங்கள் சொன்ன அப்பத்தா கதைக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது வேறு ஆட்கள் சொல்வார்கள். நீங்கள் முதலில் இதைச் செய்யுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

அம்மா, எனக்கு வயது 61. மதுரையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியை நேற்று இரவு படித்தேன், சரியாகத் தூங்கவில்லை. ஏனென்றால் உங்கள் ஓரகத்தி இருக்கிற இடத்தில் என் வாழ்க்கையில் ஒரு சக ஆசிரியர் இருந்தார்.

அவர் கணக்கு வாத்தியார். ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மேசையில் தாளம் போட்டுப் பாடுவார். பழைய பாட்டுகள். நல்ல குரலும் இல்லை, நடுவில் வரி மறந்துவிடும், கவலையே படாமல் முனகி நிரப்பிக்கொண்டு போவார். மற்றவர்கள் சிரித்து ரசிப்பார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். 'வாத்தியார் வேலைக்கு வந்தவன் கூத்தாடுறான்' என்று பதினாறு வருடம் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். தலைமையாசிரியரிடம் போய் ஒருமுறை புகாரும் செய்தேன். அதை இன்று எழுதும்போதும் என் முகம் சூடாகிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் பாட்டு எழுதிவைத்த ஒரு நோட்டு இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் பாடினேன். என் அப்பா அன்று இரவு அந்த நோட்டை அடுப்பில் போட்டார். "நம்ம குடும்பத்துல கூத்தாடி எவனும் கிடையாது" என்றார். நான் அழவில்லை, அடுத்த நாளே மறந்துவிட்டேன். அப்படித்தான் ஐம்பது வயதுவரை நம்பினேன்.

அந்தச் சக ஆசிரியர் இறந்த அன்று துக்க வீட்டில் யாரோ கைப்பேசியில் அவர் பாடியதைப் போட்டார்கள். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அவர் பிள்ளைகள் என்னை அவருடைய உயிர் நண்பன் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள்.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் (1875-1961) இதற்கு 'நிழல்' என்று பேர் வைத்தார். ஒரு குழந்தைக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது, எதைச் செய்தால் மடியில் தூக்கி வைக்கிறார்கள், எதைச் செய்தால் முகத்தைத் திருப்புகிறார்கள் என்று. முகத்தைத் திருப்பவைக்கிற குணத்தையெல்லாம் அது முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறது. முன்னால் நிற்பது ஊர் பாராட்டுகிற முகம். அதற்கு யுங் எடுத்துக்கொண்ட சொல், பழைய ரோம நாடகத்தில் நடிகர்கள் மாட்டுகிற முகமூடியின் பெயர். உங்களுக்கு அந்த முகம் 'குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள்', எனக்கு 'கண்டிப்பான தமிழய்யா'.

பின்னால் தள்ளியது செத்துப்போவதில்லை. நம்மிடம் அதைப் பார்க்க முடியாததால் அடுத்தவரிடம் பார்க்கிறோம், பார்த்ததும் அடிக்கக் கை ஓங்குகிறோம். எல்லாக் கோபமும் இப்படி என்று சொல்லவில்லை. கடன் வாங்கி ஏமாற்றியவன்மேல் வருவது நேரான கோபம், அதற்குள் நிழலைத் தேட வேண்டியதில்லை. காரியம் கால் படியும் கோபம் முக்கால் படியுமாக இருந்தால் அந்த மிச்ச அரைப் படி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நட்டமே இல்லை என்று நீங்களே சொல்கிறீர்களே, அப்போது முழுப் படியும் பழைய கணக்கு.

யுங் சொன்னதில் எனக்கு மருந்தாக இருந்தது ஒன்றுதான். நிழலில் கிடப்பது எல்லாம் அழுக்கு இல்லை. பாடுகிற ஆசை, ஓய்வெடுக்கத் தெரிந்த உடம்பு, 'முடியாது' என்று சொல்கிற வாய், இவையும் அங்கேதான் கிடக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதில் 'மூதேவி' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். மூத்த தேவி என்பதுதான் அது. திருமகளுக்கு அக்காள். தவ்வை, சேட்டை என்றும் பெயர். இன்று அது வசவு. ஆனால் பல்லவர், பாண்டியர் காலத்தில் அவளுக்குச் சிலை செய்து கும்பிட்டிருக்கிறார்கள். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் அவள் இருக்கிறாள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றம் குடைவரையில் 8-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு, பாண்டியனின் படைத்தலைவர் ஒருவருடைய மனைவி நக்கன் கொற்றி என்பவள் துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததாக. சிற்பத்தில் பெருத்த வயிறோடு காலைத் தொங்கவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். இரு பக்கமும் மகனும் மகளும், மேலே காக்கைக் கொடி. பிற்காலத்தில் அவளை வீட்டுக்குள் வரக் கூடாதவள் ஆக்கினோம். பல ஊர்களில் அவள் சிலை குளக்கரையிலும் வயல்காட்டிலும் கிடக்கிறது. உங்கள் அப்பத்தாவும் யாரோ சொல்லிக் கேட்டதைத்தான் உங்களிடம் சொன்னாள். அவளைப் பகலில் படுக்க யார் விட்டார்கள்?

நான் இப்போது வாரம் இரண்டு நாள் ஒரு பாட்டு வகுப்புக்குப் போகிறேன். உடன் படிக்கிறவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகள். முதல் மூன்று மாதம் வாயைத் திறந்தாலே தொண்டை அடைத்துக்கொண்டது. இப்போது கொஞ்சம் வருகிறது.


மேசைக்கு அந்தப்பக்கம் எழுதியது:

நான் கோவையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். நர்ஸம்மா சொன்ன இரத்தப் பரிசோதனையை நானும் முதலில் சொல்கிறேன். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஐயா 'நிழல்' என்று சொன்னதைக் கொஞ்சம் கையில் பிடிக்கும்படி சொல்லிப் பார்க்கிறேன். ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல சிகிச்சையாளர் 1980களில் ஒன்றைக் கவனித்தார். சிகிச்சைக்கு வருகிறவர்கள் 'எனக்குள் ஒரு பகுதி இப்படிச் சொல்கிறது, இன்னொரு பகுதி விடமாட்டேன் என்கிறது' என்றே பேசினார்கள். குடும்பத்தில் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பழகியவர் அவர். மனசுக்குள்ளும் அதே மாதிரி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொண்டு வேலை செய்தால் என்ன என்று தொடங்கினார்.

உங்கள் வீட்டில் வெளியே ஏழு பேர். உள்ளே, நீங்கள் எழுதியதிலிருந்தே எனக்கு மூன்று பேர் தெரிகிறார்கள். தூங்க ஆசைப்பட்டு முகத்தில் தண்ணீர் வாங்கிய பத்து வயதுப் பெண் ஒருத்தி, வெளியே வர அனுமதி இல்லாமல் உள்ளறையில் இருக்கிறாள். அவளை வெளியே விடாமல் காவல் காக்கிறவள் ஒருத்தி, அப்பத்தாவின் குரலில் பேசுகிறாள், ஐந்து மணிக்கு எழுப்புகிறாள், கணக்கைத் தப்பில்லாமல் எழுதவைக்கிறாள். மூன்றாவது ஆள், உள்ளறைக் கதவு ஆடினாலே ஓடி வந்து எதையாவது உடைப்பவள். மூடியை நங்கென்று வைப்பதும் மணிக்கட்டைப் பிடித்ததும் இவள்.

பெரும்பாலும் மக்கள் செய்கிற தப்பு, காவல்காரியோடு சண்டைக்குப் போவது. 'நான் அமைதியானவள்' என்று கண்ணாடி முன்னால் சொன்னீர்களே, அது அவளை வெளியே போ என்று சொல்வது மாதிரி. அவள் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். அவள் கெட்டவள் இல்லை. 1996-இல் உங்கள் வீடு ஓடியது அவளால்தான். அதனால் முதலில் அவளிடம் மரியாதையாகப் பேசுங்கள். ஒரே கேள்வி: 'நான் மதியம் படுத்தால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறாய்?' பதிலை நீங்கள் யோசித்துச் சொல்லாதீர்கள். காத்திருங்கள். சில சமயம் வார்த்தையாக வராது, தொண்டையிலோ வயிற்றிலோ ஏதாவது தெரியும், அதுவும் பதில்தான். அவள் சரி என்று சொல்வதற்கு முன்னால் உள்ளறைக் கதவைத் திறக்கப் பார்க்காதீர்கள்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். கொஞ்சம் உண்டு, நிறைய இல்லை. 2013-இல் முடக்குவாத நோயாளிகளிடம் செய்து வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில் வலியும் மனச்சோர்வும் குறைந்தது தெரிந்தது. பெரிய அளவில் இன்னும் செய்ய வேண்டியிருக்கிறது. என் அனுபவத்தில், சிலருக்கு இந்த முறை பூட்டில் சாவி மாதிரிப் பொருந்துகிறது, சிலருக்கு 'உள்ளே ஆட்கள்' என்ற பேச்சே பிடிப்பதில்லை.

பேசுவது கூச்சமாக இருந்தால் எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் கல்லூரி மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம் எழுதவைத்தார். மனசை உலுக்கிய ஒரு அனுபவத்தில் நடந்ததையும் அப்போது தோன்றியதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. இதைச் சொல்லக் காரணம், முதல் இரவு எழுதிவிட்டு பாரமாக இருந்தால் தப்பாகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். நல்ல தமிழில் எழுத வேண்டாம். யாருக்கும் காட்ட வேண்டாம். எழுதியதும் உடனே தூங்கப் போகாமல் முகம் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் முக்கியம். எழுதும்போது அடி, பாலியல் தொந்தரவு மாதிரி நினைவுகள் கிளம்பினாலோ, உடம்பு மரத்துப்போன மாதிரி இருந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, உயிரோடு இருப்பது எதற்கு என்று தோன்றினாலோ, தனியாகத் தொடராதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், அங்கே கட்டணம் கிடையாது.

மகளிடம் இன்றே பேசுங்கள். அதற்கு நீங்கள் குணமாகிக் காட்ட வேண்டியதில்லை. 'அன்னைக்குக் கையைப் பிடிச்சு இழுத்தது என் தப்பு. நீ தூங்குனது தப்பில்ல' என்று சொன்னால் போதும். 'ஆனா நீயும்...' என்று அடுத்த வாக்கியம் வரும், அதை விழுங்கிவிடுங்கள்.


கரிசல்மழை, மூன்று வாரம் கழித்து எழுதியது:

பதில் எழுதிய மூன்று பேருக்கும் கும்பிடு. உடனே எழுதாததற்கு மன்னிக்கணும். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஹீமோகுளோபின் 9.1. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். தைராய்டு சரியாக இருக்கிறது. அக்கா, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

மகளிடம் அன்று இரவே சொன்னேன். 'சரிம்மா' என்றாள், அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன்.

எழுத மண்டியில் வீணான ஒரு பழைய பேரேடு எடுத்து வந்தேன். இரவு பத்தரைக்கு மேல் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, கைப்பேசியில் 15 நிமிடம் வைத்துக்கொண்டு எழுதினேன். முதல் நாள் வந்தது வெறும் கணக்கு. காலையில் பம்பில் எத்தனை குடம், தம்பிக்கு எந்தச் சட்டை, சோற்றுக்கு எத்தனை உழக்கு. பற்று வரவு எழுதுகிற கை, அது அப்படித்தான் எழுதும்போல. இரண்டாம் நாள் அப்பத்தாவைத் திட்டி இரண்டு பக்கம். அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. அம்மாமேல் கோபம். படுத்திருந்தது ஓரகத்தி இல்லை, அம்மா. பல மாதம் ஒவ்வொரு மதியமும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டுக்கு ஓடிவரும்போது அம்மா ஒரு காலை மடக்கி, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி படுத்திருப்பாள். அது நோய் என்று பத்து வயதிலும் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளைப் பார்த்து, 'இவ எந்திரிக்காமலே போகட்டும்' என்று நினைத்தேன். அம்மா சாகட்டும் என்று நினைத்தேன். இதை முப்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. பேனாவிலிருந்து அது இறங்கியதும் கை நடுங்கி, பேரேட்டை மூடி மிளகாய்வற்றல் டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அப்புறம் காவல்காரியிடம் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன். மூன்று நாள் பதில் இல்லை. நாலாவது நாள் மண்டியில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது சம்பந்தமே இல்லாமல் வந்தது: 'நீ படுத்தா அம்மா செத்துருவா.' அன்று அந்த நினைப்பு வந்த பிறகு நான் இரண்டு பங்கு வேலை செய்திருக்கிறேன். இரவில் எழுந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று மூக்குக்கு நேரே கை வைத்துப் பார்த்தது இப்போது ஞாபகம் வருகிறது. ஊர் பாராட்டியதே, அந்த உழைப்பு அதுதான்.

இதைப் படித்துவிட்டு என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.


மேசைக்கு அந்தப்பக்கம் எழுதியது:

தப்பாக நினைக்க எதுவுமே இல்லை. பத்து வயதுக் குழந்தை தாங்க முடியாத பாரத்தில் 'இது முடியட்டும்' என்று நினைக்கும். அந்த வயதில் முடிவதற்கு ஒரே வழியாக அதற்குத் தெரிவது அதுதான். நினைத்தால் நடந்துவிடும் என்று குழந்தைகள் நம்புவார்கள், அதனால் நினைத்ததற்குப் பரிகாரமாகவும் ஏதாவது செய்வார்கள். நீங்கள் வேலை செய்தீர்கள். இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு, இனி இவர் நம்மை வெளியே போகச் சொல்வார் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

கொஞ்ச நாள் எழுதுவதை நிறுத்திவையுங்கள். வந்தது போதும். முடிந்தால் ஒருவரை நேரில் பாருங்கள், இது தனியாகச் சுமக்கிற எடை இல்லை.


வைகைக்கரை எழுதியது:

உங்கள் அம்மா இருக்கிறார்களா, அம்மா?


கரிசல்மழை எழுதியது:

இருக்கிறாள், ஐயா. 64 வயது, ஊரில் தம்பியோடு. இதை அவளிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. 'அப்ப நான்தான் எல்லா வேலையும் செஞ்சேன், ஞாபகம் இருக்கா' என்று மட்டும் போனில் கேட்டேன். "நீயா? அப்பத்தால்ல பொங்கிப்போட்டா" என்றாள். அவளுக்கு ஞாபகமே இல்லை. வலித்தது. ஆபரேஷன், மாத்திரை, மயக்கம் என்று கிடந்தவளுக்கு அந்த வருடம் எப்படித் தெரியும் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வலி போகவில்லை.

போனை வைக்கும்போது எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: "மதியம் செத்த படுத்து எந்திரி." கல்யாணம் ஆனதிலிருந்து இதைச் சொல்லித்தான் வைப்பாள், எனக்கு அந்த நேரம் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். ஏன் என்று இந்த வாரம்தான் தெரிந்தது.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு ஒரு தடவை போனேன். பேசினார்கள், திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று ஞாயிறு. சாப்பிட்டதும் ஓரகத்தி பாய் விரித்தாள். வழக்கம்போல வயிற்றில் கிளம்பியது. 'தெரியுது, பயப்படுறே. அம்மா நல்லாத்தான் இருக்கா, காலையிலதான் பேசுனேன்' என்று உள்ளே சொன்னேன். சொல்லிவிட்டுப் போய் பாயின் ஓரத்தில் படுத்தேன். ஓரகத்தி கண்ணைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, தலையணையைப் பாதி தள்ளிக் கொடுத்தாள். தூக்கம் வரவில்லை. காற்றாடியில் ஒரு இறக்கை லேசாக உரசுகிற சத்தம் வரும், பதினாலு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அது கேட்டதே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போனது, துடைக்கவில்லை.

மகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்தாள்.

"என்னம்மா, காய்ச்சலா?"

"இல்லடி. சும்மா படுத்திருக்கேன்."

கொஞ்ச நேரம் நம்பாமல் நின்றாள். அப்புறம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து, எனக்கும் சித்திக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள்.